யாருக்கு எழுதின கடுதாசி?

(மாணவர் வாசிப்பு முகாம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



வேதாகமத்தை எப்படி வாசிப்பது என்று பேசச் சொன்னார்கள். நான் குருவானவர் இல்லை. இறையியல் கல்லூரி வாசலை மிதித்ததும் இல்லை. கவிதை எழுதுகிறவன், வயிற்றுப்பாட்டுக்கு வங்கியில் கிளார்க். உங்களில் பாதிப் பேருக்கு ஒரு கேள்வி இருக்கும்: விடுதலை பேசுகிற இடத்தில் வேதாகமம் எதுக்கு? தூக்கி எறிஞ்சிட்டுப் போக வேண்டியதுதானே? எறியலாம். ஆனால் நம் சேரிகளில் எத்தனையோ வீடுகளில் இருக்கிற ஒரே புத்தகம் அதுதான். நாம் எறிந்தால், அதை வாசித்து அர்த்தம் சொல்கிற வேலையை வேறொருத்தன் எடுத்துக்குவான். அவன் என்ன செய்வான் என்பதை நான் சின்ன வயசிலேயே பார்த்தேன்.

ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எங்க ஊர்ச் சபையில் நிலம் வைத்திருந்த குடும்பங்களுக்கு முன்பக்கம் பெஞ்சு. எங்களுக்கு வாசற்பக்கம் பாய். அந்த வாரம் கூலி உயர்த்திக் கேட்டு எங்க சனம் நடவுக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கியார் எபேசியர் 6-ஆம் அதிகாரத்தைத் திறந்தார். 5-ஆம் வசனம். வேலைக்காரர் எஜமானுக்குக் கீழ்ப்படிய வேண்டும். அரை மணி நேரம் அதே பேச்சு. திங்கட்கிழமை பாதிப் பேர் நடவுக்குப் போய்விட்டார்கள்.

என் ஆயாவுக்கு எழுத்து தெரியாது. அன்று ராத்திரி விளக்கடியில் என்னை உட்கார வைத்து, "அந்தப் பக்கத்தை எடுத்துப் படிடா" என்றது. படித்தேன். "நிறுத்தாத, மேல படி." 9-ஆம் வசனம் வந்தது. அது எஜமான்களுக்குச் சொன்னது. மிரட்டுவதை விடுங்கள், உங்களுக்கும் மேலே ஒரு எஜமான் இருக்கிறார், அவரிடம் முகம்பார்த்தல் கிடையாது என்கிறது. ஆயா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டது: "இத்த ஏண்டா அவரு படிக்கல? அது யாருக்கு எழுதின கடுதாசி? நமக்கா எழுதினாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வாசிப்பு முறை, விளக்கவியல் என்று இன்றைக்கு நாம் பெரிய பெரிய பேர் வைத்துப் பேசுகிற எல்லாமே அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

நான் வங்கியில் ஒரு காசோலையை எப்படிப் பார்க்கிறேன்? தேதி என்ன, யார் பேருக்கு, எண்ணில் போட்டதும் எழுத்தில் போட்டதும் ஒத்துப்போகுதா, கையெழுத்து யாருடையது, பின்பக்கம் என்ன இருக்கு. இத்தனையும் பார்க்காமல் பணம் கொடுத்தால் என் வேலை போய்விடும். ஒரு வசனத்தைக் காட்டி நம் கூலியை, நம் மானத்தைக் கேட்கிறவனுக்கு மட்டும் எதையும் பார்க்காமல் கொடுத்துவிடுகிறோம்.

அந்த வசனத்தையே பார்ப்போம். காலம் முதல் நூற்றாண்டு, ரோமப் பேரரசு. மனிதரை விலைக்கு வாங்கி விற்ற சமுதாயம். கடிதத்தை பவுலே எழுதினாரா, அவர் பேரில் பின்னால் வந்தவர் எழுதினாரா என்று அறிஞர்களுக்குள் இன்னும் வழக்கு இருக்கிறது. கிரேக்கத்தில் உள்ள சொல் 'தூலொஸ்'. அடிமை என்று அர்த்தம். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அது 'வேலைக்காரர்' ஆகிவிட்டது. மொழிபெயர்ப்பில் அடிமை வேலைக்காரர் ஆனார். பிரசங்கத்தில் வேலைக்காரர் அடிமை ஆனார்! இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். 9-ஆம் வசனம் மிரட்டாதே என்கிறதே தவிர, விடுதலை பண்ணு என்று சொல்லவில்லை. அதையும் மறைக்கக் கூடாது.

கத்தரிக்கோல் வைத்து வாசிப்பது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமில்லை. 1807-இல் லண்டனில், பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளின் கறுப்பு அடிமைகளுக்கென்றே ஒரு வேதாகமம் அச்சிட்டார்கள். எகிப்தில் அடிமைப்பட்ட சனம் வெளியேறிய கதை அதில் இல்லை. கீழ்ப்படியச் சொல்கிற வசனம் பத்திரமாக இருந்தது. எதைக் கண்டு ஆண்டைக்குப் பயமோ அதை வெட்டினார்கள்.

அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் ஹோவர்ட் தர்மன் 1949-இல் வெளிவந்த தன் நூலில் பாட்டியைப் பற்றி எழுதியிருக்கிறார். அடிமையாகப் பிறந்தவர், எழுத்தறியாதவர். பேரனை வேதாகமம் வாசிக்கச் சொல்லிக் கேட்பார். ஆனால் பவுலின் கடிதங்களை மட்டும் வாசிக்க விடமாட்டார். எப்போதாவது அன்பைப் பற்றிய 1 கொரிந்தியர் 13-க்கு மட்டும் அனுமதி. காரணம், எஜமானனின் போதகர் அடிமைகளுக்கு எப்போதும் பவுலைக் காட்டித்தான் கீழ்ப்படிதலைப் போதித்தார். ஒரு பாட்டி வாசிக்காதே என்றார். என் ஆயா நிறுத்தாமல் வாசி என்றது. இரண்டுமே எதிர்ப்புதான். ஆனால் நமக்கு இன்று பயன்படுவது இரண்டாவது வழி என்று நினைக்கிறேன்.

இப்போ நம் பக்கம் வருவோம். நமக்குப் பிடித்த வசனத்தில் நாமும் பாதியில் நிறுத்துகிறோமே!

யாத்திராகமம் நமக்கு உயிர். 3-ஆம் அதிகாரம் 8-ஆம் வசனம்: அடிமைச் சனத்தை விடுவித்து நல்ல தேசத்துக்குக் கொண்டுபோக கடவுள் இறங்கி வருகிறார். மேடைதோறும் பேசுகிறோம். அந்த வசனத்தை முடிவு வரை படியுங்கள். அந்தத் தேசத்தில் ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள். கானானியர், ஏத்தியர், எமோரியர், பெரிசியர், ஏவியர், எபூசியர் என்று பேரே போட்டிருக்கிறது. அந்த ஏவியரில் ஒரு கூட்டம்தான் கிபியோன் ஊர்க்காரர்கள். யோசுவா 9-ஐப் பாருங்கள். பிழைத்துக்கிடந்தால் போதும் என்று தந்திரம் பண்ணி உடன்படிக்கை செய்துகொள்கிறார்கள். குட்டு வெளிப்பட்டதும் உயிர்ப்பிச்சை கிடைக்கிறது, ஆனால் சபைக்கும் பலிபீடத்துக்கும் விறகு வெட்டி, தண்ணீர் சுமக்கிற வேலை காலாகாலத்துக்கும் தலையில் விழுகிறது. மண்ணின் பூர்வகுடி தோற்றுப்போய் கோயிலுக்குப் பரம்பரைத் தொழும்பு செய்கிறது. தோழர்களே, இது யார் கதை? ஆதிதிராவிடர் என்று பேர் வைத்துக்கொண்ட நாம் இந்தக் கதையில் எந்தப் பக்கம் நிற்கிறோம்?

இந்தக் கேள்வியை அமெரிக்கப் பூர்வகுடியான ஓசேஜ் இனத்து அறிஞர் ராபர்ட் ஆலன் வாரியர் 1989-இல் ஒரு கட்டுரையில் கேட்டார். விடுதலைக் கதை என்று நீங்கள் கொண்டாடுவதைக் கானானியர் கண்ணால் படித்துப் பாருங்கள் என்றார். அதற்காக யாத்திராகமத்தைக் கைவிடச் சொல்லவில்லை நான். 2 சாமுவேல் 21-இல் அதே கிபியோனியரைச் சவுல் கொன்றதற்காக மூன்று வருஷம் பஞ்சம் வந்தது என்றும் எழுதியிருக்கிறது. கணக்கு திறந்தே கிடக்கிறது. நமக்குச் சாதகமான வரியை மட்டும் எடுத்தால், நமக்கும் அந்தப் பிரசங்கியாருக்கும் பெஞ்சு, பாய் தவிர வேறென்ன வித்தியாசம்?

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். ஐந்து பேராக உட்காருங்கள். பிலேமோன் கடிதத்தை எடுங்கள். 25 வசனம்தான். ஒருவர் சத்தமாக முழுசும் படிக்கட்டும். யார் எழுதினது, யாருக்கு, முன்னும் பின்னும் என்ன, மூலச்சொல் என்ன, இதைக் காட்டி இன்றைக்கு லாபம் அடைகிறவன் யார், கதையில் வாய் திறக்காதவன் யார் என்று கேளுங்கள். ஒநேசிமு ஓடிப்போன அடிமை என்று எல்லாரும் சொல்வார்கள். கடிதத்தில் 'ஓடிப்போனான்' என்ற பேச்சு இருக்கிறதா, நீங்களே தேடிப் பாருங்கள். அவனை அடிமையாக அல்ல, சகோதரனாக ஏற்றுக்கொள் என்று 16-ஆம் வசனம் கேட்கிறது. அவன் பாக்கி ஏதும் இருந்தால் என் கணக்கில் எழுது என்கிறது 18-ஆம் வசனம். கிளார்க்கான எனக்குப் பிடித்த வசனம் அது.

1833-இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் சார்லஸ் கோல்காக் ஜோன்ஸ் என்ற போதகர் இதே கடிதத்தைக் காட்டி, ஓடிப்போகாதீர்கள் என்று அடிமைகளுக்குப் பிரசங்கம் பண்ணினார். கேட்டிருந்தவர்களில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். அப்படியொரு கடிதமே வேதாகமத்தில் இல்லை என்றார்கள் சிலர். அவர்கள் எழுந்து போனது சரி. ஆனால் இருக்கிறதா இல்லையா என்று புரட்டிப் பார்க்க அவர்களுக்கு வழியில்லை. அடிமைக்கு எழுத்துச் சொல்லித் தருவது அந்த மாகாணத்தில் 1829 முதல் சட்டப்படி குற்றம். நமக்கு எழுத்து தெரியும். புரட்டிப் பார்க்காமல் இருக்க நமக்கு என்ன சாக்கு?

அந்தக் கடிதத்தையும் ஆயாவுக்கு ஒருநாள் படித்துக் காட்டினேன். முழுசும் கேட்டுவிட்டு அது சொன்னது இதுதான்: "அவரு எழுதினாரு, இவரு வாங்கினாரு. சரி. அந்தப் பையன் என்ன சொன்னான்?"

உட்கார்ந்து பேசுங்கள்.