உள்ளான்களின் கணக்கு



தை மாதம் பிறந்தால் நாளிதழ்களில் ஒரு செய்தி வந்துவிடும். கோடியக்கரைக்குப் பறவை வரத்து இந்த ஆண்டு கூடியிருக்கிறது என்று இருக்கும், இல்லாவிட்டால் குறைந்திருக்கிறது என்று இருக்கும். பக்கத்தில் பூநாரைக் கூட்டத்தின் படம். அந்தச் செய்தியில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு வருட மழையை வைத்துப் பருவமழையே மாறிவிட்டது என்று யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. பறவைகள் விஷயத்தில் மட்டும் சொல்லிவிடுகிறோம். நீர்ப்பறவைகளின் நிலை தெரிய வேண்டுமானால் முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு ஒரே முறையில், இனம் இனமாகப் பிரித்து எடுத்த கணக்கு வேண்டும். மொத்த எண்ணிக்கை என்ற ஒற்றை எண் நம்மை ஏமாற்றும். இதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

கோடியக்கரையை ஒட்டிய வேதாரண்யம் பெருஞ்சதுப்பு, தலைஞாயிறு காப்புக்காடு, முத்துப்பேட்டை அலையாத்திக்காடு எல்லாம் சேர்ந்து 38,500 ஹெக்டேர் பரப்பு 2002-இல் ராம்சர் தலமானது, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் முதலில் ஏறியது இதுதான். 20,000 நீர்ப்பறவைகள் தவறாமல் வந்து தங்கும் இடம், அல்லது ஓர் இனத்தின் தொகையில் நூற்றில் ஒரு பங்கையாவது தாங்கும் இடம் என்பவை ராம்சர் அளவுகோல்களில் இரண்டு. கோடியக்கரையை இந்த உயரத்துக்குக் கொண்டுவந்தது பூநாரை மட்டும் அல்ல. 25 கிராம் எடை தேறாத கொசு உள்ளானும், 60 கிராம் அளவில் இருக்கும் வளைமூக்கு உள்ளானும் ஆகிய சிறு கரைப்பறவைகள் லட்சக்கணக்கில் இங்கே சேற்றைக் கிளறிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. 1980-களின் ஆவணங்கள் அதைச் சொல்கின்றன.

அந்த ஆவணங்கள் எப்படிக் கிடைத்தன என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பறவையியலாளர் டாக்டர் சாலிம் அலியின் முனைப்பில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் இங்கே வளையமிடும் பணியை நடத்தியது. பறவைகளைக் காயமில்லாமல் பிடிக்கப் பீகாரின் மீர்ஷிகார் சமூகத்து வலைக்காரர்கள் வந்தார்கள். தலைமுறை தலைமுறையாகப் பறவை பிடித்து விற்றவர்களின் கைத்திறன் ஆராய்ச்சிக்குப் பயன்பட்டது. பறவையியல் வரலாற்றில் அவர்களுக்கு உரிய இடத்தை நாம் இன்னும் கொடுக்கவில்லை என்பது என் எண்ணம்.

பிடிபட்ட உள்ளானின் காலில் எண் பொறித்த அலுமினிய வளையம் ஏறும். கண்டெடுப்பவர் சங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற வாசகமும் அதில் இருக்கும். பிறகு இறக்கையை விரித்துப் பார்ப்பார்கள். வயது வந்த வளைமூக்கு உள்ளான் குளிர்காலத்துக்கு வந்த இடத்தில்தான் பறக்கும் சிறகுகளை மாற்றிக்கொள்ளும். ஆகவே பழைய, நைந்த சிறகுகளுக்கு இடையே பாதி முளைத்த புதுச் சிறகு தெரியும். அந்த வருடம் பிறந்த குஞ்சுக்கு எல்லாச் சிறகும் ஒரே வயது. மேல்மூடு இறகுகளின் ஓரத்தில் வெளிறிய மஞ்சள் கரை இருக்கும். நூறு பறவைகளைப் பிடித்தால் அவற்றில் குஞ்சு எத்தனை? தூரத்தில் நின்று தொலைநோக்கியில் தலையை மட்டும் எண்ணுகிறவருக்கு இந்த விவரம் எளிதில் கிடைக்காது.

குஞ்சுக் கணக்கு ஏன் முக்கியம்? வளைமூக்கு உள்ளான் முட்டையிடுவது சைபீரியாவின் டைமிர் தீபகற்பத்தை ஒட்டிய துருவச் சமவெளியில். அங்கே லெமிங் என்ற எலி ஏறக்குறைய மூன்று வருடத்துக்கு ஒருமுறை பெருகும். லெமிங் பெருகிய கோடையில் துருவ நரி எலியைத் தின்று வயிறு நிறைக்கும்; உள்ளான் குஞ்சுகள் பிழைக்கும். லெமிங் வீழ்ந்த கோடையில் நரி கூடுகளைத் தேடி அலையும். அந்த ஆண்டு தெற்கே குஞ்சு வரத்தே இருக்காது. ஆக, டைமிரில் எலி பெருகியதா இல்லையா என்பது ஐந்தாறு மாதம் கழித்து வேதாரண்யத்துச் சேற்றில் தெரியும். நல்ல வருடத்தையும் மோசமான வருடத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் சரிவு இல்லாத இடத்தில் சரிவும், சரிவு உள்ள இடத்தில் வளர்ச்சியும் தெரியும். இந்த ஏற்ற இறக்கம் பல சுற்று முடிந்த பிறகுதான் அடியில் ஓடும் போக்கு புலப்படும்.

அந்தப் போக்கு இறங்குமுகம்தான். உள்ளூரில் அதற்குக் காரணம் தேடினால் தண்ணீரில் வந்து நிற்போம். பெருஞ்சதுப்பு வடகிழக்குப் பருவமழையில் நிறைந்து கோடையில் வறளும் நிலம். மழைநீரும் கடல்நீரும் கலந்த இளம் உவர்ப்பில் புழு பூச்சிகள் பெருகும். உள்ளான்களுக்கு அதுதான் உணவு. ஆற்று நீர் வரத்து குறைந்தது. உப்பளத் தேக்கங்களுக்குக் கடல்நீர் இறைக்கப்பட்டது. மழை தவறிய ஆண்டுகளில் நீர் கரிக்கக் கரிக்க, பெரும்பாலான புழுக்கள் தாங்குவதில்லை. உவர்நீர் இறால் போன்ற சிலதான் மிஞ்சும். பூநாரைக்கு நீரை வடிகட்டி உண்ணும் அலகு இருக்கிறது, அது சமாளிக்கும். நன்னீரை நாடும் வாத்துகளும் சேற்றைக் குத்தித் தின்னும் உள்ளான்களும் என்ன செய்யும்? மொத்த எண்ணிக்கையில் பூநாரை ஏறினால் உள்ளானின் இழப்பு மறைந்துபோகும். படமும் அழகாகவே இருக்கும்.

உப்பை நான் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1930-இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்துவந்தவர்கள் உப்பு அள்ளிய மண் வேதாரண்யம். ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சோறு அந்தப் பாத்திகளில் இருக்கிறது. எந்த மாதத்தில் எந்தத் தேக்கத்தில் எவ்வளவு உவர்ப்பு என்பதை உப்பளமும் வனத்துறையும் கலந்து முடிவு செய்யலாம் என்றுதான் கேட்கிறேன்.

எல்லாவற்றையும் கோடியக்கரையின் தலையில் கட்டுவதும் நியாயம் இல்லை. இங்கே குறைந்த பறவை வேறிடம் மாறியிருக்கலாம், வழியில் அழிந்தும் இருக்கலாம். பிரிட்டனின் கழிமுகங்களில் சில கரைப்பறவைகளின் எண்ணிக்கை குறைந்ததற்கு, குளிர் தணிந்ததால் அவை இன்னும் கிழக்கே, நெதர்லாந்துப் பக்கமே தங்கிவிடுவதும் ஒரு காரணம் என்று நீண்டகாலக் கணக்குகள் காட்டின. அது இடமாற்றம். மஞ்சள் கடலில் நடந்தது வேறு. தென்கொரியாவின் சேமாங்கூமில் 33 கிலோமீட்டர் கடற்சுவர் 2006-இல் மூடப்பட்டபோது, அங்கே இளைப்பாறிய பெரிய நாட் என்ற பறவைகள் வேறு கரையில் போய்ச் சேரவில்லை. அவை குளிர்காலத்தைக் கழிக்கும் ஆஸ்திரேலியாவிலும் எண்ணிக்கை சரிந்தது. இடமாற்றமா, இழப்பா என்று பிரித்தறிய ஒரு கரையின் கணக்கு போதாது. வலசைப் பாதை முழுவதும் ஒரே பருவத்தில் எண்ண வேண்டும். 1987-இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஜனவரியில் நடப்பது அதற்காகத்தான். 2024-இல் உலகச் செம்பட்டியல் வளைமூக்கு உள்ளானை அழிவாய்ப்புள்ள இனமாக உயர்த்தியதும் இப்படிப் பல நாட்டுக் கணக்குகள் சேர்ந்ததால்தான்.

மாணவர்களிடம் இரண்டு வேண்டுகோள். கணக்குத் தாளில் எண்ணோடு ஓத நேரம், நீர் ஆழம், உவர்ப்பு, எண்ணியவர் எத்தனை பேர் என்பதையும் எழுதுங்கள். போய்ப் பார்த்தும் பறவை இல்லை என்றால் கட்டத்தை வெறுமையாக விடாமல் 0 போடுங்கள். வெறும் கட்டம் என்றால் யாரும் போகவில்லை என்றுதான் பின்னால் வருகிறவர் எடுத்துக்கொள்வார். கரண்டிமூக்கு உள்ளான் போன்ற அரிய பறவைக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது.

இன்னொன்று, ஜூனிலும் போங்கள். முதல் வயதுப் பறவைகளில் பல அந்தக் கோடையில் வடக்கே திரும்பாமல் இங்கேயே தங்கிவிடும். பெரியவை போன பிறகு சதுப்பில் மிஞ்சும் உள்ளான்களில் பெரும்பகுதி போன ஆண்டுக் குஞ்சுகள்தான். வலை இல்லாமல், வளையம் இல்லாமல், ஒரு தொலைநோக்கியும் குடையும் குடிநீரும் இருந்தால் அந்தக் கணக்கை எடுத்துவிடலாம்.