நள்ளிரவில் காலாவதியாகும் டேட்டா

(பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களின் உழைப்பாளி மக்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. அன்று களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் நடுவே விழுந்த கோட்டை இங்குள்ள மக்கள் சந்தைக்கும் கல்யாணத்திற்கும் வேலைக்கும் நாள்தோறும் கடந்து செல்கிறார்கள். கைபேசிக் கோபுரத்தின் அலைக்கு அந்தக் கோடு தெரியாது. ஆனால் நிறுவனங்களின் கணக்குப் புத்தகத்திற்குத் தெரிந்திருந்தது. கேரள வட்டம், தமிழ்நாடு வட்டம் என்று உரிமங்கள் பிரிக்கப்பட்டிருந்ததால், சொந்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருப்பவரின் கைபேசி அக்கரைக் கோபுரத்தைப் பற்றிக்கொண்டால், அவர் அந்தக் கணமே வெளிமாநிலப் பயணியாகிவிடுவார். தனக்கு வந்த அழைப்பை எடுத்ததற்கும் காசு கொடுக்க வேண்டும். உள்வரும் அழைப்புக்கான ரோமிங் கட்டணத்தைப் பொதுத்துறை நிறுவனமான பிஎஸ்என்எல் 2015 ஜூனிலேயே நீக்கியது. ஏர்டெல் ரோமிங் கட்டணங்களைக் கைவிட 2017 ஏப்ரல் வரை ஆயிற்று. அதுவும் ஜியோவின் போட்டி நெருக்கிய பிறகு.

அந்தப் போட்டியின் கதையும் நினைவுகூரத் தக்கது. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ இலவசமாகக் கடை விரித்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஏர்செல் திவாலானது; டெலினாரும் டாடா டொகோமோவும் ஏர்டெல்லுக்குள் கரைந்தன; வோடபோனும் ஐடியாவும் ஒன்றாயின. பிஎஸ்என்எல்லுக்கு உரிய காலத்தில் 4ஜி வழங்காமல் இழுத்தடித்த ஒன்றிய அரசு, 2020 ஜனவரி இறுதியில் விருப்ப ஓய்வு என்ற பெயரில் ஏறத்தாழ 78,500 ஊழியர்களை ஒரே நாளில் வீட்டிற்கு அனுப்பியது. களம் காலியான பின் விலை ஏறியது. 2024 ஜூலையில் மூன்று தனியார் நிறுவனங்களும் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்துக் கட்டணத்தை உயர்த்தின. நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் ஜியோவின் 28 நாள் திட்டம் 239 ரூபாயிலிருந்து 299 ஆனது.

இந்த 28 என்ற எண்ணைக் கவனிக்க வேண்டும். கூலியும் ஓய்வூதியமும் மாதக் கணக்கில் வருகின்றன; ரீசார்ஜ் மட்டும் நான்கு வாரக் கணக்கில் தீர்கிறது. அதனால் ஆண்டுக்குப் பன்னிரண்டல்ல, பதின்மூன்று முறை பணம் கட்ட வேண்டியுள்ளது. 299 ரூபாய் வீதம் அது 3,887 ரூபாய். ஒரு வீட்டில் மூன்று கைபேசி இருந்தால் பதினோராயிரத்தைத் தாண்டும்.

இவ்வாறு வாங்கிய டேட்டா எங்கே போகிறது? ஒரு பணப் பரிமாற்றத்திற்கோ, ரேஷன் விவரம் பார்ப்பதற்கோ, ஒரு நிமிடக் குரல் செய்திக்கோ ஆவது மிகச் சொற்பம். ஒரு எம்பி கூடச் செலவாவது அரிது. காணொளியோ ஒரு மணி நேரத்தில் அரை ஜிபிக்கு மேல் விழுங்குகிறது. ஒன்று முடியுமுன் அடுத்தது தானே ஓடத் தொடங்குகிறது. இந்தியாவில் ஒருவர் மாதத்திற்குச் சராசரியாக 27 ஜிபிக்கு மேல் பயன்படுத்துவதாக நோக்கியா நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டுக் கணக்கு கூறுகிறது. முன்னேற்றம் என்று இதைக் கொண்டாடுகிறார்கள். ஆனால் சராசரி என்பது பிறர் பார்த்த காணொளியையும் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளியின் ஒரு நிமிட அழைப்பையும் ஒரே தராசில் ஏற்றிவிடுகிறது. விடியுமுன் தோட்டத்திற்குப் புறப்பட்டு, வந்து படுத்துறங்கும் அவருக்கு அன்றைய 1.5 ஜிபியில் பெரும்பகுதி மிச்சம். நள்ளிரவில் அது காலாவதியாகிறது. விலை கொடுத்து வாங்கிய அரிசியை இரவு பன்னிரண்டு மணிக்குக் கடைக்காரர் வந்து அள்ளிக்கொண்டு போனால் ஊர் சும்மா இருக்குமா?

டேட்டாவே வேண்டாம், பேசினால் போதும் என்போரும் உண்டு. சாதாரண பட்டன் போன் வைத்திருப்போர் நாட்டில் சுமார் 15 கோடி என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமே சொன்ன கணக்கு. அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டம் கட்டாயம் இருக்க வேண்டுமென ஆணையம் 2024 டிசம்பரில் விதி வகுத்தது. நிறுவனங்கள் விதிக்குக் கட்டுப்பட்டன. 84 நாளுக்கு 450 ரூபாயை ஒட்டி விலை வைத்தன. டேட்டாவை எடுத்துவிட்டார்கள், விலையை எடுக்கவில்லை.

மறுபுறம், டேட்டா வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் ஏழைக்கு இல்லாமல் செய்யப்பட்டது. 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலைத்திட்ட வருகைப் பதிவை ஒன்றிய அரசு செயலி வழியே கட்டாயமாக்கியது. பணியிடத்தில் இருவேளை இட அடையாளத்துடன் புகைப்படம் எடுத்து ஏற்ற வேண்டும். கேரளத்தில் தொழிலுறப்புத் தொழிலாளர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். படம் எடுக்கும் மேட்டும் பெரும்பாலும் அவர்களில் ஒருவரே. கைபேசியும் அவருடையது, டேட்டாவும் அவருடையது. வெள்ளறடைப் பக்கத்து மலைச்சரிவு போன்ற இடங்களில் சிக்னல் தவறினால், நாள் முழுதும் மண் வெட்டியவரின் கூலி கேள்விக்குறியாகும்.  கைபேசியைக் கொண்டுவருபவருக்கு அதற்கான வாடகை இல்லை.

இந்தப் பெண் கடைக்குச் சென்றால் அவருக்கு விற்கப்படுவது எது? நான்கு கேமரா, 5ஜி, பளபளப்பு. அவருக்குத் தேவையானது வேறு: கொளுத்தும் வெயிலில் எழுத்துத் தெரியும் திரை, இரண்டு நாள் தாங்கும் பேட்டரி, அது தளர்ந்தால் ஊர்க் கடையிலேயே மாற்றக்கூடிய அமைப்பு, மலையாளமும் தமிழும் ஒருசேர எழுதும் விசைப்பலகை. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல், 800 முறை சார்ஜ் செய்த பின்னும் பேட்டரி 80 சதவீதத் திறனோடு இருக்க வேண்டும், மென்பொருள் மேம்படுத்தல் குறைந்தது ஐந்தாண்டு கிடைக்க வேண்டும் என்று விதித்துள்ளது. அதே நிறுவனங்கள்தான் இங்கும் விற்கின்றன. இங்கு அப்படியொரு கட்டாயம் இல்லை.

பொழியூர்க் கடற்கரைக்கு இது உயிர்ப் பிரச்சனை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி வந்தபோது எச்சரிக்கை கரைக்கு எட்டுமுன் படகுகள் கடலுக்குள் போய்விட்டிருந்தன. கரையிலிருந்து சற்று விலகினாலே கைபேசி வெறும் கடிகாரம். பின்னர் செயற்கைக்கோள் வழிச் செய்தி பெறும் நாவிக் கருவிகள் வந்தன. ஆனால் டேட்டா ஒரு துளியும் இல்லாமல் வானிலைச் செய்தியைக் கொண்டுவரக்கூடிய எஃப்எம் ரேடியோ பல புதிய கைபேசிகளில் முடக்கப்பட்டிருக்கிறது. அதைத் திறந்துவிடுமாறு ஒன்றிய அரசு 2023 ஏப்ரலில் அறிவுரைதான் வழங்கியது, ஆணையிடவில்லை. ரேடியோ கேட்பவர் பாட்டுக்காக டேட்டா வாங்கமாட்டார் என்பதை எவரும் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை.

மாற்று இல்லையா? இணையம் கல்வியுரிமையோடும் தனியுரிமையோடும் சேர்ந்தது என்று கேரள உயர்நீதிமன்றம் 2019 செப்டம்பரில், விடுதியில் கைபேசிக்குத் தடை விதிக்கப்பட்ட ஒரு கல்லூரி மாணவியின் வழக்கில் தீர்ப்பளித்தது. 2023 ஜூன் 5 அன்று கே-ஃபோன் தொடங்கப்பட்டது. மாநிலத்திற்குச் சொந்தமான கண்ணாடி இழைக் கம்பியில் 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது அதன் இலக்கு. சரியான பாதை. ஆயினும் முதற்கட்டம் தொகுதிக்கு 100 வீடு, 140 தொகுதிக்கு 14,000 வீடு என்ற அளவில்தான் திட்டமிடப்பட்டது. இலக்கிற்கும் இந்த எண்ணுக்கும் உள்ள தூரத்தை மறைத்துப் பேசுவது இயக்கத்திற்கு அழகல்ல.

எனவே காரோட்டிலும் செங்கலிலும் குளத்தூரிலும் அடுத்த கிராம சபை கூடும்போது கேட்க வேண்டியவை உள்ளன. வார்டில் எத்தனை வீட்டிற்குக் கே-ஃபோன் வந்தது, பட்டியலில் இருந்தும் வராத வீடுகள் எவை என்று பஞ்சாயத்திடம் கேட்க வேண்டும். மேட்டின் கைபேசிக்கும் டேட்டாவுக்கும் படி தர வேண்டுமென ஒன்றிய அரசுக்குத் தீர்மானம் அனுப்ப வேண்டும். மிஞ்சிய டேட்டா மறுநாளுக்குச் சேர வேண்டும், ரீசார்ஜ் மாதக் கணக்கில் அமைய வேண்டும் என்ற கோரிக்கையில் எல்லையின் இருபுறத்திலும் கையெழுத்து வாங்கலாம். கட்டணம் களியக்காவிளையிலும் ஒன்றுதான், பாறசாலையிலும் ஒன்றுதான்.