மருந்துச் சோதனையும் கிராம மக்களும்



வைத்திய ஆராய்ச்சி என்றால், ஒரு மருந்தைச் சிலருக்குக் கொடுத்து, கொடுக்காத சிலரோடு ஒப்பிட்டுப் பார்த்து, குணமா குணமில்லையா என்று கணக்கெடுப்பதாகும். இதில் கிராமத்து ஏழைகளைச் சேர்ப்பதைப்பற்றி இரண்டுவிதப் பேச்சு இருந்து வருகின்றது. "டாக்டர் சொன்னால் கையை நீட்ட வேண்டியதுதானே, பாமரனுக்குக் கேள்வி எதற்கு?" என்பது ஒன்று. "ஆராய்ச்சியென்று எவன் வந்தாலும் ஊருக்குள் விடாதே" என்பது மற்றொன்று. இரண்டும் புத்தியைச் செலவழிக்க மனமில்லாதவர்கள் பேச்சு என்றே சொல்லுவோம்.

க்ஷயத்துக்குப் போடும் பி.சி.ஜி. ஊசியை எடுத்துக் கொள்ளுங்கள். 1950-ல் இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளைகளிடம் தொடங்கிய சோதனையில், அது நோயை நூற்றுக்குச் சுமார் 80 பங்கு தடுத்ததாகக் கண்டார்கள். பிறகு 1968 முதல் நமது செங்கற்பட்டு ஜில்லாவில் திருவள்ளூரைச் சுற்றிய கிராமங்களில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்துச் சோதித்தார்கள். 15 வருஷம் கவனித்துப் பார்த்ததில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் க்ஷயத்தை அது அங்கு தடுக்கவில்லையென்று தெரிந்தது. பச்சைக் குழந்தைகளுக்கு மூளையைத் தாக்கும் க்ஷயத்தை அது தடுக்கிறபடியால், பிறந்தவுடன் போடுவது இன்றும் நடைபெறுகின்றது. அதை யாரும் நிறுத்திவிட வேண்டாம். ஆனால் சீமைக் கணக்கை மட்டும் வேதவாக்காக வைத்துக் கொண்டிருந்தால் இந்த உண்மை யாருக்குத் தெரிந்திருக்கும்? ஒருவன் அளவுக்குத் தைத்த சட்டையை ஊர் முழுவதற்கும் மாட்ட முடியுமா? அந்தக் கிராமத்துக் குடியானவர்கள் கை நீட்டியதால் அல்லவா உலகத்துக்கே அந்த அறிவு கிடைத்தது!

அப்படியானால் ஜனங்கள் பயப்படுவது மடமைதானா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்காவில் அலபாமா மாகாணத்தில் டஸ்கீகி என்னும் ஊர்ப்பக்கம் 1932-ல் சுமார் 600 ஏழைக் கறுப்புக் குடியானவர்களைச் சேர்த்தார்கள். அவர்களில் 399 பேருக்கு மேக வியாதி. அவர்களிடம் "கெட்ட இரத்தத்துக்கு வைத்தியம்" என்று சொல்லி, சாப்பாடும் சவ அடக்கச் செலவும் கொடுத்து, வியாதி எப்படி முற்றுகின்றதென்று பார்த்துக் கொண்டே இருந்தார்கள். 1947 வாக்கில் பெனிசிலின் அதற்குத் தக்க மருந்தென்று ஏற்பட்ட பிறகும் கொடுக்கவில்லை. 1972-ல் பத்திரிகையில் வெளியான பிறகே நின்றது. இதைச் செய்தவர்கள் மந்திரவாதிகளா? இல்லை, சர்க்கார் சுகாதார இலாகாவின் படித்த டாக்டர்கள்! 1997-ல் அந்நாட்டு ஜனாதிபதி கிளிண்டன் மன்னிப்புக் கேட்டார். செத்தவர்கள் திரும்பி வந்தார்களா?

அவ்வளவு தூரம் போவானேன்? 2009-ல் ஆந்திராவில் கம்மம் ஜில்லாவில், கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி ஆயிரக்கணக்கான பெண் பிள்ளைகளுக்குப் போடப்பட்டது. அவர்களில் பலர் விடுதியில் தங்கிப் படித்த மலைசாதிப் பிள்ளைகள். பெற்றோர் போட வேண்டிய கையெழுத்தை விடுதி வார்டன்கள் போட்டார்கள். சேர்ந்தவர்களில் சில பிள்ளைகள் இறந்து போனார்கள். 2010-ல் சர்க்கார் அதை நிறுத்திற்று. ஊசி காரணமாயிருக்காது என்று விசாரணைக் குழு கூறிற்று. ஆனாலும் சம்மதம் வாங்கிய முறையை 2013-ல் பார்லிமெண்டுக் குழு கடுமையாகக் கண்டித்தது. ஊசி நல்ல ஊசிதான். நல்ல ஊசிக்கும் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தது எது? ஏழையைக் கேட்க வேண்டியதில்லை என்ற ஆணவமல்லவா?

ஆதலால் தோழர்களே, சோதனைக்கு ஆள் கேட்டு வந்தால் விரட்டவும் வேண்டாம், விழுந்து கும்பிடவும் வேண்டாம். உட்கார வைத்துக் கேளுங்கள்: இது என்ன மருந்து? இதனால் என்ன கெடுதி வரலாம்? நடுவில் விலகினால் வழக்கமான வைத்தியம் கிடைக்குமா? முடிவை எங்கள் ஊருக்கு வந்து சொல்வீர்களா? 2019-ம் வருஷத்துச் சட்ட விதிப்படி, புது மருந்துச் சோதனையில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் சம்மதம் வாங்கும்போது பாரபட்சமற்ற சாட்சி ஒருவர் கூட இருக்க வேண்டும். சோதனையால் கெடுதி வந்தால் இலவச வைத்தியமும் நஷ்டஈடும் உண்டு. பண்ணையார் சம்மதம் பண்ணையாள் சம்மதமாகாது. புருஷன் கைநாட்டு பெண்சாதி கைநாட்டாகாது.

ஆராய்ச்சிக்காரர்களுக்கும் ஒன்று சொல்லுவோம். கிராமத்தான் வருவதில்லையென்று குறை கூறுவதால் என்ன பயன்? அவன் வந்தால் அன்றைக்குக் கூலி போய்விடுகிறது. பஸ் சத்தத்தையும் கூலியையும் கொடுங்கள். அந்தி நேரத்தில் சேரிக்கு வாருங்கள். அவன் பாஷையில் பேசுங்கள். கண்டுபிடித்த மருந்து அவனுக்கும் கிடைக்கச் செய்யுங்கள். வருகிறானா இல்லையா பாருங்கள்!

நாம் சொன்னதையும் அப்படியே ஒப்புக் கொள்ளாமல், வீட்டில் பெண்களோடு கலந்து யோசித்து, சரியென்று பட்டதைச் செய்யுங்கள் என்று கேட்டுக் கொண்டு இத்துடன் முடித்துக் கொள்ளுகின்றோம்.