ஆளுக்கொரு குவளை வேண்டாம்

(குன்னூரில் உள்ள நம் குடியிருப்பின் ஜூலை மாதக் கூட்டத்தில் தோட்டக் குழு சார்பில் ஆற்றிய உரை)



லிஃப்ட் பழுது, பார்க்கிங், மெயின்டனன்ஸ் பாக்கி எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டோம். டீ வருவதற்குள் எனக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார் செயலாளர். கேட்டிலிருந்து பி பிளாக் போகும் வழியில், மூன்று வாரத்துக்கு முன் நட்ட நான்கு ஹைட்ராஞ்சியாச் செடிகளைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

குன்னூரில் ஹைட்ராஞ்சியா வளர்க்க ஒரு உரையா என்று நீங்கள் நினைக்கலாம். நம் பக்கம் பங்களா வேலிகளில் யாரும் திரும்பிப் பார்க்காமலே பூத்துக் கிடக்கிற செடிதான். ஆனால் போன வருடம் இதே இடத்தில் நட்ட மூன்றும் செத்துப்போயின. யாரும் கவனிக்காததால் அல்ல, எல்லோரும் கவனித்ததால். காலையில் வாக்கிங் போகிறவர்கள் ஒரு குவளை ஊற்றினார்கள். பள்ளி வேனுக்குக் காத்திருப்பவர்கள் பாட்டிலில் மிச்சமிருந்ததை ஊற்றினார்கள். மதியம் இலை தொங்குவதைப் பார்த்து யாரோ ஒரு வாளி. மாலையில் நான் இன்னொரு வாளி. பிடுங்கிப் பார்த்தபோது வேரெல்லாம் பழுப்பாக அழுகி நாற்றமடித்தது. முதல் குற்றவாளி நான்தான்.

அவை நர்சரியில் வாங்கிய செடிகள். இந்த நான்கும் அப்படியல்ல. சி பிளாக் அம்மா இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் தன் பழைய வீட்டை விற்றுவிட்டு இங்கே வந்தபோது, வாசலில் நாற்பது வருடம் நின்ற செடியிலிருந்து சில குச்சிகளை வெட்டி எடுத்து வந்தார். பால்கனித் தொட்டியில் வேர் பிடிக்க வைத்து, நான்கைத் தோட்டத்துக்குக் கொடுத்தார். அந்த வீட்டை இடித்துவிட்டார்கள். தாய்ச்செடியும் போய்விட்டது. இவை போனால் வேறு கன்று கிடையாது.

அதனால் முதல் வேண்டுகோள்: தண்ணீரை ஒருவர் மட்டும் ஊற்றட்டும். ஹைட்ராஞ்சியாவின் இலை அகலமானது. வெயிலில் நீரை வேகமாக இழக்கும், புதிதாக நட்ட வேரால் ஈடு கொடுக்க முடியாது. அதனால் மதியம் வாடியதுபோல் தொங்கும். பதற வேண்டாம். வெயில் இறங்கியதும் தானாக நிமிர்ந்தால் செடி நலம். காலையிலும் தொங்கினால் விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும், அடிவரை இறங்கும்படி நிதானமாக ஊற்ற வேண்டும். ஈரமாக இருந்தால் அன்றைக்கு விடுமுறை. மழை பெய்கிற நாளில் ஊற்றவே வேண்டாம். ஜனவரி தொடங்கி வறண்ட மாதங்களில்தான் உண்மையான வேலை. அப்போது குழாய் நீருக்கே தட்டுப்பாடு வரும். காய்கறி கழுவிய நீர் போதும், சோப்பு நீர் கூடாது.

செடியைச் சுற்றி இரண்டு மூன்று அங்குலத்துக்குச் சருகு பரப்பியிருக்கிறோம். ஈரம் காக்கத்தான் அது. குப்பை என்று கூட்டித் தள்ளிவிட வேண்டாம். தண்டை ஒட்டி மட்டும் நான்கு விரல் இடம் விட்டிருக்கிறோம், அங்கே ஈரம் தங்கினால் தண்டு அழுகும். உரம் இப்போதைக்கு எதுவும் வேண்டாம். முதலில் வேர் பிடிக்கட்டும்.

அடுத்து, பலரும் கேட்ட கேள்வி. அம்மா வீட்டில் நீலமாகப் பூத்த செடி இங்கே ஏன் இளஞ்சிவப்பாக மொட்டு விடுகிறது? செடி மாறவில்லை, மண்தான் மாறியிருக்கிறது. தேயிலைக்குப் பிடித்த அமில மண்ணில், மண்ணிலுள்ள அலுமினியத்தை வேர் எடுத்துக்கொள்ளும், பூ நீலமாகும். காரத் தன்மை கூடினால் அலுமினியம் வேருக்குக் கிடைக்காது, பூ சிவக்கும். நாம் நட்ட இடம் கட்டடச் சுவரோரம். கட்டும்போது கொட்டிய சிமெண்டும் சுண்ணாம்பும் இன்னும் அந்த மண்ணில் கிடக்கின்றன. அதனால் அடுப்புச் சாம்பல், முட்டை ஓடு, சுண்ணாம்பு எதையும் அங்கே போடாதீர்கள். நீலம் வேண்டும் என்று படிகாரம் கரைத்து ஊற்றவும் வேண்டாம், இளம் வேர் தாங்காது. வருடா வருடம் இலைமக்கு சேர்ப்போம். நிறம் மெதுவாகத் திரும்பட்டும்.

மூன்றாவது, கத்தரி. குளிர்காலத்தில் இலை உதிர்ந்து வெறும் குச்சியாக நிற்கும். அசிங்கமாக இருக்கிறதென்று வெட்டத் தோன்றும். இந்த வகை ஹைட்ராஞ்சியா அடுத்த பருவத்துப் பூமொட்டைப் பழைய தண்டின் நுனியில்தான் வைத்துக்கொண்டு காத்திருக்கும். நுனியை வெட்டினால் அந்த வருடத்துப் பூவை வெட்டியதாகும். குச்சி செத்துவிட்டதா என்று சந்தேகம் வந்தால் நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. வளர்ந்த செடியிலும் பூ முடிந்த உடனே, வாடிய கொத்துக்குக் கீழே தடித்த மொட்டு இருக்கும் கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் போதும். இந்த முதல் வருடம் கத்தரியே வேண்டாம்.

பெற்றோருக்கும் நாய் வளர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இதன் இலையிலும் மொட்டிலும் நச்சு உண்டு. தொட்டால் பயமில்லை, தின்னக் கூடாது. பூவைச் சொப்பு விளையாட்டுச் சமையலில் போட்டுவிட்டு வாயில் வைக்கக் கூடாது என்று குழந்தைகளிடம் சொல்லிவையுங்கள்.

செக்யூரிட்டி அறையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். மாதத்துக்கு ஒரு வீடு என்று பெயர் எழுதுங்கள். அந்த மாதம் அந்த வீட்டார் மட்டும் விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, ஊற்றினால் தேதி எழுதட்டும். மற்றவர்கள் செடியைப் பார்த்து ரசிக்கலாம், குவளையை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

ஆகஸ்ட் மாதத்துக்கு என் பெயரை எழுதப் போனேன். அம்மா முந்திக்கொண்டு தன் பெயரை எழுதிவிட்டார். போன வருடம் நான் ஊற்றிய வாளிகள் அவருக்கு நினைவிருக்கிறது போலிருக்கிறது. செப்டம்பர் காலியாக இருக்கிறது. டீ குடித்துவிட்டுப் போகும் வழியில் நோட்டைப் பாருங்கள்.