விடுமுறைக் காலத்தில் பிள்ளைகளின் பசி

(கிராமக் கூட்டுறவுச் சங்கமொன்றின் பொது மகாசபையில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய உபந்நியாசம்)



கடன், தவணை, வட்டி ஆகிய விஷயங்களைக் குறித்தே நான் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று வேறொரு விஷயத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல உத்தேசித்திருக்கிறேன். அடியேன் மெட்ரிகுலேஷன் வரையில் படித்தவன். வைத்தியமோ ஆகார சாஸ்திரமோ கற்றவனல்லன். கணக்குப் பார்ப்பது என் உத்தியோகமாகையால், இதையும் ஒரு கணக்காகவே உங்கள்முன் வைக்கிறேன்.

வருஷத்துக்கு 365 நாட்கள். 2009-ம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டப்படி ஆரம்பப் பாடசாலை 5-ம் வகுப்பு வரையில் குறைந்தது 200 நாட்கள் நடக்கவேண்டும். பள்ளி நடக்கும் நாட்களில் பிள்ளைகளுக்கு மத்தியான ஆகாரம் உண்டு. 2013-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டமும் இந்த ஆகாரத்தை உரிமையாக்கியிருக்கிறது. ஆனால் "பள்ளி விடுமுறை நாட்கள் நீங்கலாக" என்று அதிலேயே சொல்லியிருக்கிறது. அப்படியானால் பாக்கியுள்ள நாட்களில், முக்கியமாகக் கோடை விடுமுறையில், கூலிக்குப் போகும் தாய் தகப்பன்மாருடைய பிள்ளை நடுப்பகலில் என்ன சாப்பிடுகிறது? இந்தக் கேள்விக்கு எந்தப் பேரேட்டிலும் விடையில்லை.

நான் எழுதிய ஓர் ஆட்சேபணை

சில வருஷங்களுக்கு முன் மே மாதத்தில் ஒரு கிராமச் சங்கத்தின் கணக்கைப் பார்வையிடச் சென்றேன். சில்லறைச் செலவில் கேழ்வரகு 40 கிலோ, வெல்லம் 10 கிலோ என்று பற்று எழுதியிருந்தது. அதற்குக் கமிட்டியின் தீர்மானம் இல்லை, ரசீதும் ஒழுங்காயில்லை. காரியதரிசியைக் கேட்டேன். அவர், "பள்ளிக்கூடம் மூடினபிறகு பிள்ளைகள் சங்கத்துத் திண்ணையில் வந்து உட்காருகிறார்கள், ஐயா. ஏன் என்று கேட்டால் ஒன்றும் சொல்கிறதில்லை. பதினொரு மணிக்கு ஒரு டம்ளர் கூழ் கொடுத்தால் எழுந்து விளையாடப் போகிறார்கள்" என்றார்.

நான் ஆட்சேபணைக் குறிப்பு எழுதினேன். அத்தொகையை அவரே தம் கையிலிருந்து கட்டினார். மறுவருஷம் அதே மாதத்தில் போனபோது செலவுக் கணக்கு வெகு ஒழுங்காயிருந்தது. திண்ணை காலியாயிருந்தது.

விதிப்படி நான் எழுதியது சரியே. ஆனால் அந்தச் செலவை விதிக்குள் கொண்டுவரும் மார்க்கத்தை அவருக்குச் சொல்லிக்கொடுப்பதும் என் கடமையாயிருந்தது. அதை நான் செய்யவில்லை. அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளவே இன்று உங்கள்முன் நிற்கிறேன்.

தராசு சொன்ன சாட்சி

விடுமுறையில் பிள்ளைகள் பசித்திருக்கிறார்கள் என்பது வெறும் அநுமானமா, ருசுவானதா என்று நீங்கள் கேட்கலாம். நூறு வருஷங்களுக்கு முன்பே இது தராசில் நிறுத்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. இங்கிலாந்து தேசத்தில் பிராட்போர்டு என்பது கம்பளி ஆலைகள் நிறைந்த பட்டணம். அங்கே பாடசாலைகளின் வைத்திய அதிகாரியாயிருந்த டாக்டர் ரால்ஃப் கிரௌலி என்பவர், 1907-ம் வருஷத்தில் ஏழைப் பிள்ளைகள் 40 பேருக்குக் காலையிலும் மத்தியானத்திலும் நல்ல ஆகாரம் கொடுக்கச்செய்து, அவர்களை அடிக்கடி நிறுத்துவந்தார். ஆகாரம் கொடுக்கப்படாத வேறு பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும்பொருட்டு நிறுத்தார். ஆகாரம் பெற்ற பிள்ளைகளின் எடை ஏறிக்கொண்டே வந்தது. இடையில் பெந்தெகொஸ்தே பண்டிகை விடுமுறை வந்தது, ஆகாரம் நின்றது, எடை இறங்கிற்று. பள்ளி திறந்ததும் மறுபடி ஏறிற்று. பிறகு கோடை விடுமுறையில் திரும்பவும் இறங்கிற்று.

அத்தேசத்தில் பள்ளிப் பிள்ளைகளின் ஆகாரத்துக்கு ஸ்தல ஸ்தாபனங்கள் பணம் செலவிட 1906-ம் வருஷத்துச் சட்டம் இடங்கொடுத்திருந்தது. விடுமுறை நாட்களிலும் அவ்வாறு செலவிடலாம் என்பது 1914-ம் வருஷத்துச் சட்டத்தினால்தான் ஏற்பட்டது. பசி முந்தி வந்தது. விதி பிந்தி வந்தது. என்னைப் போன்ற கணக்குக்காரர்கள் இதை நினைவில் வைத்திருப்பது நலம்.

பிற்காலத்து முயற்சிகள்

ஆனபோதிலும் அத்தேசத்தில் விடுமுறைப் பசி அத்துடன் தீர்ந்துவிடவில்லை. 2017-ம் வருஷத்தில் பார்லிமெண்டு அங்கத்தினர் குழுவொன்று, விடுமுறையில் 30 லட்சம் பிள்ளைகள் வரை பசிக்கு ஆளாகக்கூடும் என்று மதிப்பிட்டது. அதற்கு முன்னரே, 2015-ல், வேல்ஸ் தேசத்துக் கார்டிஃப் நகரத்தில் கோடையில் பள்ளிக்கூடங்களைத் திறந்துவைத்து, ஆகாரமும் விளையாட்டும் சேர்த்துக் கொடுக்கும் ஏற்பாடு தொடங்கியிருந்தது. இங்கிலாந்தில் 2018 முதல் சில இடங்களில் இது பரீட்சார்த்தமாக நடத்தப்பட்டது.

2020-ல் கொரோனா நோயினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, மார்கஸ் ராஷ்ஃபோர்டு என்னும் கால்பந்து ஆட்டக்காரர் பார்லிமெண்டு அங்கத்தினர்களுக்குப் பகிரங்கமாக ஒரு கடிதம் எழுதினார். தம் தாயார் முழுநேரம் உழைத்தும் வீட்டில் போதிய ஆகாரமில்லாமல், பள்ளியில் கிடைத்த இலவச உணவைத் தாம் நம்பியிருந்ததை அவர் மறைக்கவில்லை. முதலில் மறுத்த அரசாங்கத்தார் ஜூன் மாதத்தில் இணங்கி, கோடையின் ஆறு வாரங்களுக்கும் பிள்ளை ஒன்றுக்கு வாரம் 15 பவுன் பெறுமான உணவுச் சீட்டுகள் கொடுத்தார்கள். அக்டோபரில் இதை மேலும் நீட்டிக்கும்படி வந்த பிரேரணை பார்லிமெண்டில் தோல்வியுற்றது. ஆயினும் நவம்பரில் அரசாங்கத்தாரே 22 கோடி பவுன் ஒதுக்கி, 2021-ம் வருஷத்தில் இங்கிலாந்து முழுவதற்கும் விடுமுறைத் திட்டத்தை விரிவாக்குவதாக அறிவித்தார்கள்.

அத்திட்டத்தின் அமைப்பைக் கவனியுங்கள். ஈஸ்டருக்கு ஒரு வாரம், கோடையில் நான்கு வாரம், கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம். வாரத்தில் நான்கு நாள். நாளொன்றுக்கு நான்கு மணி நேரம். ஒரு வேளையாவது பள்ளி ஆகாரத்தின் தரத்துக்குக் குறையாத சாப்பாடு, தேகப் பயிற்சி, ஆகாரத்தைப் பற்றிய அறிவு. உணவுச் சீட்டு கொடுத்தால் வயிறு நிறையும். ஆனால் வீட்டில் பெரியவர்கள் இல்லாத நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதற்குச் சீட்டினால் இயலாது. ஆகாரத்துடன் விளையாட்டையும் சேர்த்ததன் விசேஷம் இதுவே. அன்றியும், "சோற்றுக்கு வந்தவன்" என்ற பெயர் இல்லாமல் "விளையாட வந்தவன்" என்ற பெயரோடு பிள்ளை தலைநிமிர்ந்து வரலாம்.

நம் நாட்டு நிலைமை

பள்ளியில் ஆகாரம் கொடுப்பதில் நாம் பிறருக்குப் பின்வாங்கினவர்களல்லர். 1920-ல் சென்னை நகரசபையார் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மத்தியான ஆகாரம் தொடங்கினார்கள். 1956-ல் காமராஜர் காலத்தில் அது ராஜ்யத்திலுள்ள ஆரம்பப் பள்ளிகளுக்குப் பரவிற்று, 1982-ல் எம். ஜி. ராமச்சந்திரன் காலத்தில் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022-ல் காலை ஆகாரமும் சேர்ந்தது. விடுமுறையைப் பற்றியும் 2004-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டார், வறட்சிப் பிரதேசங்களில் கோடை விடுமுறையிலும் மத்தியான ஆகாரம் கொடுக்கவேண்டுமென்று உத்தரவிட்டார்கள். வறட்சி வந்தால் விடுமுறையிலும் பிள்ளைக்குப் பசிக்கும் என்பதை அவ்வுத்தரவு ஒப்புக்கொண்டது. மழை நன்றாய்ப் பெய்த வருஷத்திலும் நிலமில்லாதவன் வீட்டில் மே மாதம் வறட்சிதான் என்பது உங்களுக்குத் தெரியாததன்று.

நாம் செய்யக்கூடியது

ஒரு சிறு ஏற்பாட்டைச் சொல்கிறேன். 50 பிள்ளைகள், 20 நாட்கள், ஆக 1000 வேளை. வேளைக்குக் கேழ்வரகு மாவு 60 கிராம் வீதம் 60 கிலோ. பாசிப்பயறு 30 கிராம் வீதம் 30 கிலோ. வெல்லம் 15 கிராம் வீதம் 15 கிலோ. கேழ்வரகில் அரிசியைக் காட்டிலும் பன்மடங்கு சுண்ணாம்புச் சத்து உண்டு. வளரும் எலும்புக்கு அது அவசியம். கூழும் சுண்டலும், கிடைத்த நாளில் மோரும் முருங்கைக்கீரையும் போதும். ஊரிலேயே விளைகிறதை அங்கத்தினர் ஆளுக்கொரு படி அளந்தால், பணச்செலவு மிகவும் குறையும்.

வெயில் கடுமையாகையால் காலை 8 மணிக்குத் தொடங்கி 12 மணிக்குள் முடிக்கவேண்டும். நிழலும் குடிதண்ணீரும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டியவை. கிளித்தட்டு, சடுகுடு, பல்லாங்குழி, கதை, புஸ்தகம் வாசித்தல் இவை போதும். படித்துவிட்டு ஊரிலிருக்கும் வாலிபர்களும் யுவதிகளும் முறைவைத்துப் பார்த்துக்கொள்ளலாம். விடுமுறையில் பார்ப்பாரில்லாமல் கிணற்றிலும் குட்டையிலும் இறங்கிப் பிள்ளைகள் மாண்ட செய்தியை வருஷந்தோறும் கேட்கிறோம். நான்கு மணி நேரம் பெரியவர்கள் கண்ணெதிரில் இருப்பதே ஒரு ரட்சணை.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்கிறேன். எல்லாத் தெருப் பிள்ளைகளும் தயக்கமின்றி வரக்கூடிய பொது இடத்தில் இது நடக்கவேண்டும். சமைப்பவர் யார், பக்கத்தில் உட்காருபவர் யார் என்ற கேள்வி எழுந்தால், அன்றே இந்த ஏற்பாடு கெட்டுப்போகும். ஏழைகளுக்கு மட்டும் என்று பெயர்ப்பட்டியல் தயாரிக்கவும் வேண்டாம். வசதியுள்ளவர்களுடைய பிள்ளைகளும் அதே வரிசையில் உட்கார்ந்து அதே கூழைக் குடிக்கட்டும்.

பணத்துக்கு வழி

சங்கத்தின் லாபத்தில் சட்டமும் பைலாவும் அனுமதிக்கிற அளவுக்குப் பொது நன்மை நிதி ஒதுக்கலாம். விடுமுறைக்கு முன்பே கமிட்டி கூடி, இன்ன காரியத்துக்கு, இவ்வளவு தொகை, இன்னார் பொறுப்பில் என்று தீர்மானம் எழுதி, மேலதிகாரியின் அனுமதி தேவையான இடத்தில் அதையும் பெறவேண்டும். சாமான் வாங்கினால் ரசீது. தானமாக வந்தால் வரவுப் பதிவு. தினந்தோறும் வந்த பிள்ளைகளின் தொகை. இவ்வளவும் இருந்தால் எந்த இன்ஸ்பெக்டரும் ஆட்சேபணை எழுத இடமிராது. அந்தக் காரியதரிசிக்கு அன்று நான் சொல்லியிருக்கவேண்டிய வார்த்தைகள் இவையே.

முடிவாக ஒரு வேண்டுகோள். நம் சங்கத்தில் தராசு இருக்கிறது. அதில் உரம் நிறுக்கிறோம், நெல் நிறுக்கிறோம். வருகிற விடுமுறை தொடங்கும் நாளில் ஊர்ப் பிள்ளைகளையும் அதில் நிறுத்து எழுதிவையுங்கள். பள்ளி திறக்கும் நாளில் மறுபடி நிறுங்கள். பெயர்களை வெளியிடவேண்டாம், பெற்றோரும் கமிட்டியாரும் அறிந்தால் போதும். எடை இறங்கியிருந்தால் அது நம் ஊரின் நஷ்டக் கணக்கு. அதை வசூலிப்பதற்குத் தவணை கிடையாது. இழந்த பருவத்தைப் பிள்ளைக்குத் திருப்பிக் கொடுக்க எந்தப் பாங்கியாலும் ஆகாது.

மகாசபையார் இவ்விஷயத்தை இன்றைய நிகழ்ச்சியிலேயே ஒரு தீர்மானமாக எடுத்துக்கொண்டால், அதை எழுதிக்கொடுக்க நான் இங்கேயே காத்திருக்கிறேன்.