தேசிய அணியும் மலைக் கிராமமும்

(சாமராஜநகரில் மாணவர்களுக்கும் அலுவலர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஒரு நாட்டின் தேசிய அணி எவ்வாறு உருவாகிறது? தேர்வுக் குழுவினர் ஒரு நாள் கூடிப் பன்னிரண்டு பெயர்களை எழுதி வெளியிடுவதே அணித் தேர்வு என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அந்த நாள், நீண்டதொரு உற்பத்தி முறையின் கடைசி நாளேயாகும். மூலப்பொருள் கிடைக்கும் இடத்தைக் கண்டறிதல், அதைத் திரட்டுதல், பதப்படுத்துதல், இழப்பின்றிக் கொண்டு சேர்த்தல் ஆகிய படிகள் தொழில்துறையில் இருப்பதைப் போன்றே விளையாட்டிலும் உள்ளன. வேறுபாடு ஒன்றே: இங்கு மூலப்பொருள் மனிதக் குழந்தை. தேர்வில் கழிந்தவரை ஒதுக்கி எறிய எந்தச் சமுதாயத்திற்கும் உரிமையில்லை. இக்கருத்தை ரக்பி ஆட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வது பயனுடையதாகும்.

ரக்பி இந்தியாவிற்குப் புதியதன்று. 1872-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று கல்கத்தாவில் இவ்வாட்டம் நடைபெற்றது. அங்கு அமைந்த சங்கம் சில ஆண்டுகளிலேயே கலைந்தபோது, அதன் கையிருப்பிலிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்த கோப்பைக்காக இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் போட்டியிட்டு வருகின்றன. கோப்பை நிலைத்தது, ஆட்டம் மட்டும் இந்நாட்டு மண்ணில் வேர் கொள்ளவில்லை. ஆங்கிலேயர், படைவீரர், பெருநகர மன்றங்கள் என்ற குறுகிய வட்டத்திற்குள்ளேயே அது நெடுங்காலம் அடங்கியிருந்தது. அடித்தளம் குறுகியதாயின் கோபுரம் உயராது என்பதற்கு இதுவே சான்று.

இதற்கு மறுதலையாக நிற்பது பிஜித் தீவு. ஏறத்தாழ ஒன்பது இலட்சம் மக்களே வாழும் அந்நாட்டில், ஊர்தோறும் சிறுவர்கள் ரக்பி ஆடுகின்றனர். 2016-இல் எழுவர் ரக்பி ஒலிம்பிக் போட்டியில் சேர்க்கப்பட்டபோது பிஜி ஆடவர் அணி தங்கம் வென்றது. அந்நாடு பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கமே அதுதான். டோக்கியோவிலும் அவ்வெற்றி தொடர்ந்தது. செல்வம் மட்டுமே விளையாட்டு வளர்ச்சியைத் தீர்மானிப்பதில்லை. எத்தனை குழந்தைகளுக்குப் பந்து எட்டுகிறது என்பதும் தீர்மானிக்கிறது.

திறமையைத் தேடும் முறை

இந்திய அணி தன் முதல் பன்னாட்டு ஆட்டத்தை 1998-இல்தான் ஆடியது. பள்ளிதோறும் ரக்பி ஆடப்படாத நாட்டில் ஆயத்தமான ஆட்டக்காரரைத் தேடிப் பயனில்லை. ஆகவே ஆட்டத்தை அறிந்தவரைத் தேடுவதை விடுத்து, ஆட்டத்திற்கு வேண்டிய இயல்புகளை உடையவரைத் தேடும் முறை கைக்கொள்ளப்பட்டது. விரைந்து ஓடும் தடகள வீராங்கனை, எதிரியைப் பிடித்து நிறுத்தப் பழகிய கபடி ஆட்டக்காரர் ஆகியோர் ரக்பிக்குக் கொண்டுவரப்பட்டனர். எழுவர் ஆட்டம் பதினான்கே நிமிடங்களில் முடிவதாயினும், அந்நேரம் முழுவதும் ஓட்டமும் மோதலும் ஓய்வதில்லை. பந்தை எறிவதையும் விதிகளையும் சில மாதங்களில் கற்பிக்கலாம். வேகத்தையும் உடல் உரத்தையும் அவ்வளவு எளிதில் உண்டாக்க இயலாது.

பீகாரின் பாட்னா மாவட்டத்தைச் சேர்ந்த சுவீட்டி குமாரி தடகளத்திலிருந்து ரக்பிக்கு வந்தவர். மகளிர் ரக்பிக்கென இயங்கும் பன்னாட்டு ஊடகம் ஒன்று 2019-இல் அவரை ஆண்டின் சிறந்த இளம் வீராங்கனையாகத் தேர்ந்தது. மாநிலப் போட்டி, தேசியப் போட்டி, பயிற்சி முகாம் என்ற படிகளின் வழியே இத்தகையோர் தேசிய அணியை அடைகின்றனர்.

ஒடிசாவின் அனுபவம் இன்னும் விரிவானது. புவனேசுவரத்தில் பழங்குடிக் குழந்தைகளுக்கென இயங்கும் கலிங்கா நிறுவனத்தின் உறைவிடப் பள்ளியைச் சேர்ந்த சிறுவர் அணி, 2007-இல் இலண்டனில் நடைபெற்ற பதினான்கு வயதுக்குட்பட்டோர் பன்னாட்டுப் பள்ளிப் போட்டியில் வென்றது. பின்னர் அப்பள்ளியின் மாணவியர் தேசிய அணியில் இடம்பெற்றனர். 2019 ஜூன் மாதம் மணிலாவில் இந்திய மகளிர் அணி 21-19 என்ற கணக்கில் சிங்கப்பூரை வென்று, பதினைவர் ஆட்டத்தில் தன் முதல் பன்னாட்டு வெற்றியை எய்தியது. அவ்வெற்றியை உறுதி செய்த உதையை உதைத்த சுமித்ரா நாயக் அப்பள்ளியில் பயின்றவர்.

இவ்வெற்றியின் பின்னணியில் இருந்தவை உணவு, உறைவிடம், கல்வி, பயிற்றுநர், ஆடுகளம் ஆகியன ஓரிடத்தில் கிடைத்தமையே. ஆயினும் குழந்தைகளை இல்லத்திலிருந்தும் தாய்மொழியிலிருந்தும் நெடுந்தொலைவு பிரித்து வைக்கும் உறைவிடப் பள்ளி முறை குறித்து மானிடவியலார் எழுப்பியுள்ள ஐயங்களையும் புறக்கணித்தல் தகாது.

கர்நாடகம் கற்ற பாடம்

கர்நாடகத்திற்கு இத்துறையில் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. 1980-களில் இந்திய விளையாட்டு ஆணையம் சிறப்புப் பகுதி விளையாட்டுத் திட்டத்தை வகுத்தது. மலைப் பகுதிகளிலும் காடுகளிலும் இயல்பாக அமைந்த திறமையைக் கண்டறிவது அதன் நோக்கம். இராஜஸ்தானத்துப் பழங்குடி இளைஞரான லிம்பா ராம் இவ்வாறு கண்டெடுக்கப்பட்டு, 1988 முதல் தொடர்ந்து மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் வில்வித்தையில் இந்தியாவின் சார்பில் பங்கேற்றார்.

அதே திட்டத்தின் கீழ் வட கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க மரபினரான சித்தி மக்களின் சிறுவர் சிறுமியர் தடகளப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். சிலர் பதக்கங்களும் பெற்றனர். ஆனால் 1993-இல் அப்பணி நிறுத்தப்பட்டது. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை பெற்றோர் சிலர். எஞ்சியோர் ஊர் திரும்பிக் கூலி வேலைக்கே செல்ல நேர்ந்தது. தொடங்கும்போது அவர்களுடைய மரபு எண்ணிப் பார்க்கப்பட்டது. முடிக்கும்போது அவர்களுடைய எதிர்காலம் எண்ணிப் பார்க்கப்படவில்லை. சித்தி மக்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டதே 2003-இல்தான் என்பதும் இங்கு நினைவுகூரத் தக்கது.

ஒரு மரபினர் அனைவரும் பிறவியிலேயே ஓட்டக்காரர் என்ற கருத்தும் ஐயத்திற்குரியதே. திறமை தனி மனிதரிடம் காணப்படுவது. குலத்தை வைத்துத் தேடினால், வேறு ஆற்றலுடைய குழந்தையும் தவறவிடப்படும். ஓட இயலாத குழந்தையும் தோற்றவளாக முத்திரை குத்தப்படுவாள்.

சாமராஜநகரில் செய்யக் கூடியவை

1997-இல் மைசூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான சாமராஜநகரில் பிலிகிரிரங்கன மலை, மலை மாதேசுவர மலை, பந்திப்பூர்க் காடுகள் ஆகியன அமைந்துள்ளன. சோலிகர், ஜேனு குறும்பர் முதலிய பழங்குடியினர் இங்கு வாழ்கின்றனர். பிலிகிரிரங்கன மலையில் 1981-இல் மருத்துவர் சுதர்சன் தொடங்கிய பணி, மருத்துவமும் பள்ளியும் தொழிற்பயிற்சியும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதை மெய்ப்பித்துக் காட்டியது. விளையாட்டையும் இவ்வரிசையில் சேர்த்தெண்ணுவதே முறை. இதற்கு நான்கு செயல்கள் இன்றியமையாதவை.

முதலாவது, உடல்நல ஆய்வு. இப்பகுதிப் பழங்குடியினரிடையே அரிவாள் செல் இரத்தசோகை காணப்படுகிறது. இந்நோயுடைய குழந்தைக்குக் கடும் பயிற்சியும் நீர் குறைவும் உயிருக்கே ஊறு விளைவிக்கக் கூடும். 2023-இல் தொடங்கப்பட்ட தேசிய அரிவாள் செல் இரத்தசோகை ஒழிப்பு இயக்கத்தின் பரிசோதனையும் விளையாட்டுத் தேர்வும் கைகோத்துச் செல்லுதல் வேண்டும்.

இரண்டாவது, உணவு. பசியோடு ஓடும் சிறுமியின் நேரத்தைக் கடிகாரத்தால் அளந்து, திறமை இல்லை என்று எழுதுவது தவறான கணக்காகும். சில மாதங்கள் நல்லுணவு அளித்தபின் மீண்டும் அளந்து பார்ப்பதே நேர்மை.

மூன்றாவது, அண்மை. தொடக்கப் பயிற்சி, குழந்தையின் ஊருக்கு அருகிலேயே, அவள் அறிந்த மொழியிலேயே நடைபெற வேண்டும். உள்ளூர் உடற்கல்வி ஆசிரியரே முதல் தேர்வாளர். அவருக்கு ஒரு பந்தும், ஒரு விசிலும், ஆண்டுக்கொரு முறை பயிற்சியும் அளிப்பது பெருஞ்செலவன்று. ரக்பிக்கு விலையுயர்ந்த கருவிகளும் தேவையில்லை. கல் பொறுக்கிய புல்வெளி போதும்.

நான்காவது, பாதுகாப்பான திரும்பும் வழி. ஆயிரம் குழந்தைகள் ஆடினால் தேசிய அணிக்குச் செல்வோர் ஒருவரோ இருவரோ ஆவர். ஒருவரும் இல்லாமலும் போகலாம். எஞ்சியோர் அனைவருக்கும் பள்ளிப்படிப்பு முறியாமல் தொடர்வதும், காயமுற்றால் சிகிச்சை கிடைப்பதும் திட்டத்தின் முதல் நாளிலேயே எழுதப்பட வேண்டும். திட்டம் நின்றாலும் குழந்தையின் கல்வி நில்லாது என்ற உறுதி, நிதி ஒதுக்கீட்டு ஆணையிலேயே இடம்பெறுவது நலம்.

இன்று திட்டங்களின் வெற்றி பதக்க எண்ணிக்கையால் அளக்கப்படுகிறது. அதனுடன் மற்றுமொரு கணக்கும் சேர்க்கப்பட வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்டுப் பின்னர் விலகிய குழந்தைகள் ஐந்தாண்டுகளுக்குப் பின் எங்கே இருக்கின்றனர், என்ன செய்கின்றனர் என்பதே அது. இவ்விரு கணக்குகளையும் ஒரே ஏட்டில் எழுதும் மாவட்டமே விளையாட்டில் முன்னேறிய மாவட்டம் எனத் தகும். மணிலாவில் உதைக்கப்பட்ட ஒரு பந்தின் பின்னே ஒரு பள்ளியின் பல்லாண்டு உழைப்பு இருந்தது. அத்தகைய பொறுமையை இம்மலை அடிவாரத்திலும் வளர்ப்பது மாணவர், ஆசிரியர், அலுவலர் அனைவரின் கடமையாகும்.