சாவி யார் கையில்?



திருச்சியில் கல்மந்தை என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. உழைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழும் பகுதி. வீட்டுக்குள் கழிப்பறை கட்ட இடம் கிடையாது. அப்படிப்பட்ட இடங்களில் பொதுக் கழிப்பறைகள் கட்டப்பட்டதுண்டு. ஆனால் திறப்பு விழா முடிந்த சில மாதங்களில் தண்ணீர் நின்றுபோகும், பல்பு திருடு போகும், கதவு உடையும், தொட்டி நிரம்பி வழியும். அதன்பின் யாரும் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். ஆண்கள் ரயில் பாதையோரம் போனார்கள். பெண்கள் பொழுது சாயும்வரை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்கள்; வெளியே போகவேண்டி வருமே என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள்.

1987-இல் தொடங்கப்பட்ட கிராமாலயா என்ற தொண்டு நிறுவனம், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், வாட்டர் எய்ட் அமைப்பின் உதவியோடு திருச்சியின் இத்தகைய குடியிருப்புகளில் இறங்கி வேலை செய்தது. அங்கு வந்தவர்கள் முதலில் கேட்ட கேள்வி, 'இந்தக் கட்டடத்தின் சாவி யார் கையில் இருக்கிறது?' என்பதாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஏனென்றால் அவர்கள் செய்த முக்கியமான காரியம், பராமரிப்பை அந்தந்தத் தெருப் பெண்களின் குழுக்களிடம் ஒப்படைக்க வழிசெய்ததுதான். மாநகராட்சியும் அதற்கு இசைந்தது.

அந்த ஏற்பாடு எப்படி நடந்தது என்று சொல்கிறேன். கழிப்பறை வாசலில் குழுவைச் சேர்ந்த ஒரு பெண் உட்கார்ந்திருப்பார். பெரியவர்கள் ஒருமுறை பயன்படுத்த அப்போது 50 காசு. சிறுவர்களுக்கும் முதியவர்களுக்கும் காசு கிடையாது. வசூல் நோட்டில் ஏறும், பணம் குழுவின் வங்கிக் கணக்குக்குப் போகும். மின்கட்டணம், சுத்தம் செய்பவரின் ஊதியம், மோட்டார் பழுது, பிளீச்சிங் பவுடர் எல்லாம் அந்த 50 காசிலிருந்துதான். மிச்சம் சேர்ந்தால் குடியிருப்பின் வேறு தேவைகளுக்குப் பயன்படும். இருட்டுக்கும் பெரிய பீங்கானுக்கும் பயந்து சாக்கடை ஓரம் உட்கார்ந்த குழந்தைகளுக்காக, திறந்த வெளிச்சத்தில், அவர்கள் கால் அளவுக்கே சின்னதாகத் தனிக் கழிப்பறை கட்டினார்கள். ஒரு குழந்தையின் பயத்தைக்கூடக் கணக்கில் எடுத்துக்கொண்ட திட்டம் அது.

2002-இல், திறந்தவெளியில் மலம் கழிக்கும் பழக்கத்தை முற்றிலும் ஒழித்த நாட்டின் முதல் குடிசைப் பகுதியாகக் கல்மந்தை அறிவிக்கப்பட்டது. 2016-இல் தூய்மை நகரங்களின் தேசியப் பட்டியலில் திருச்சி மூன்றாம் இடம் பிடித்தது. கிராமாலயாவின் நிறுவனர் எஸ். தாமோதரனுக்கு 2022-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. விருதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த வசூல் நோட்டுதான். பள்ளிக்கூடம் அதிகம் போகாத பெண்கள் பைசா பிசகாமல் எழுதிய கணக்கு அது. அந்தக் கணக்கு அவர்களுக்குக் குரல் கொடுத்தது. அதுவரை மனு கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்கள், அதன்பின் அதிகாரிகளோடு சமமாக உட்கார்ந்து பேசினார்கள்.

எல்லை கடந்தும் இதே பாடம்தான். 1980-இல் கராச்சியின் ஒராங்கி பகுதியில் அக்தர் ஹமீத் கான் ஒரு முயற்சியைத் தொடங்கினார். அவர் ஐ.சி.எஸ். பதவியைத் துறந்து, பூட்டுத் தொழிலாளியாகக்கூட வேலை பார்த்தவர். ஒராங்கியில் சாக்கடை வசதி இல்லை. அவர் ஊரைக் கூட்டவில்லை, ஒரு சந்தின் வீட்டாரைக் கூட்டினார். இருபது, முப்பது வீடுகள் உள்ள ஒரு சந்து சேர்ந்து, பணம் போட்டு, தன் சந்தின் சாக்கடைக் குழாயைத் தானே பதித்துக்கொள்ளட்டும்; பெரிய வாய்க்கால் அரசின் பொறுப்பு என்றார். சந்து சந்தாக வேலை பரவியது. மக்களின் கடமை எது, அரசின் கடமை எது என்பதை அவர் தெளிவாகப் பிரித்தார். அரசு செய்யவேண்டியதை மக்கள் தலையில் கட்டுவது தொண்டு ஆகாது. கழிவுத் தொட்டிக்குள் மனிதரை இறக்குவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவதும் அரசின் கடமைதான். அது மீறப்படும் இடத்தில் குரல் கொடுப்பது நம் கடமை.

இனி நம் ஊரான திருவண்ணாமலைக்கு வருவோம். பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருகிறார்கள். கார்த்திகை தீபத்தன்று கூட்டத்துக்குக் கணக்கே இல்லை. வந்தவர் எவரும் பசியோடு போகக்கூடாது என்று வழியெங்கும் அன்னதானம் நடக்கிறது. யாரும் உத்தரவு போடாமல் இத்தனை பேருக்குச் சோறு போடத் தெரிந்த ஊர் இது. அந்த மனம் இலை எடுக்கும்வரை, கழிப்பறைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை, மறுநாள் காலை குப்பை அள்ளும் தூய்மைப் பணியாளருக்குக் கையுறை கிடைக்கும்வரை நீள வேண்டும். உண்டவர் போனபின் செய்யும் வேலையும் அன்னதானத்தில் சேர்ந்ததே.

நம் ஊர் மலையைப் பாருங்கள். ஒரு காலத்தில் மொட்டையாக இருந்த சரிவுகளில் இன்று மரங்கள் நிற்கின்றன. 1980-களின் கடைசியிலிருந்து தன்னார்வலர்கள் கன்று நட்டார்கள்; பின்னர் தி ஃபாரஸ்ட் வே போன்ற அமைப்புகள் அந்தப் பணியைத் தொடர்ந்தன. கன்று நடுவதைப் படம் எடுக்க ஆள் வருவார்கள். ஆனால் மரம் பிழைத்தது கோடைதோறும் காய்ந்த புல்லை வெட்டித் தீத்தடுப்புக் கோடு போட்ட கைகளால். ஆண்டுதோறும் முதலிலிருந்து செய்யவேண்டிய வேலை அது.

அதே மலையடிவாரத்தில், 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகரில் மண் சரிந்து 7 பேர் இறந்தார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள். சரிவில் வீடு கட்டுபவர் ஆசைப்பட்டுக் கட்டுவதில்லை. ஊருக்குள் இடம் வாங்கக் கட்டுப்படியாகாதவர் மேலே போகிறார். அந்தத் தெருக்களில் மழைநீர் எந்த வழியாக இறங்குகிறது, எந்தப் பாறை தளர்ந்திருக்கிறது என்று மழைக்கு முன்பே பார்த்து வைப்பதற்குப் படித்தவர்கள் வேண்டும். அங்கிருக்கும் குடும்பங்களுக்குப் பாதுகாப்பான மாற்று இடம் கேட்டு விடாமல் பேசுவதற்கும் ஆள் வேண்டும்.

இதையெல்லாம் பேச ஓர் இடமும் இருக்கிறது. திருவண்ணாமலை இப்போது மாநகராட்சி. நகர்ப்புறங்களில் 2022 நவம்பர் முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கத் தொடங்கியிருக்கின்றன. இன்று பட்டம் பெறும் நீங்கள், உங்கள் வார்டில் கூட்டம் எப்போது என்று விசாரியுங்கள், போய் உட்காருங்கள். வணிகவியல் படித்தவர்கள் செலவுக் கணக்கைக் கேளுங்கள். வேதியியல் படித்தவர்கள் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று சோதியுங்கள். தமிழ் படித்தவர்கள், பேசத் தயங்கும் ஒரு பாட்டியின் குறையை அதிகாரிக்குப் புரியும்படி எழுதிக் கொடுங்கள்.

வேலைக்காக வெளியூர் போவீர்கள், போகத்தான் வேண்டும். நன்றாகச் சம்பாதியுங்கள், அப்பா அம்மாவை நிம்மதியாக வையுங்கள். எந்த ஊரில் குடியிருந்தாலும் அங்கே ஒரு தெரு இருக்கும். அதில் கட்டி முடித்துக் கைவிடப்பட்ட ஏதோ ஒன்றும் இருக்கும்: ஒரு நூலகம், ஒரு கைப்பம்பு, ஒரு பூங்கா. அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். யாரிடமும் இல்லையென்றால் பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் நாளே ஒரு கணக்கு நோட்டும் போடுங்கள்.

பட்டம் பெற்ற அனைவருக்கும் என் மனமார்ந்த வாழ்த்துகள்.